எப்போது வரும் என்று தெரிந்த துன்பம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நாளிதழ் படிப்போர் அனைவருக்கும் பழக்கமான சிறு செய்தி ஒன்று உண்டு. 'நாளைய மின்தடை' என்ற தலைப்பில் அது வெளிவரும். எந்தத் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி நடக்கிறது, எந்தெந்த ஊர்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இராது என்ற விவரம் அதில் இருக்கும். அதைப் படித்தவர்கள் முதல்நாள் மாலையே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள். மாவை அரைத்து வைத்துவிடுகிறார்கள். விசைத்தறி வைத்திருப்போர் தறிகளைப் பழுதுபார்க்கும் வேலையை அந்த நாளுக்கு ஒதுக்குகிறார்கள். எட்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. ஆயினும் அந்த நாள் பெரிய மனக்குமுறல் இன்றிக் கழிந்துவிடுகிறது.

2012ஆம் ஆண்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழகம் கடும் மின்பற்றாக்குறையில் தவித்த ஆண்டு அது. வெளிமாவட்டங்களில், அறிவித்த நேரத்தையெல்லாம் கடந்து, நாளொன்றுக்கு 12 மணி நேரமும் சில நாள்களில் அதற்கு மேலும் மின்சாரம் நின்றது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பகுதிகளின் தறிக்கூடங்களில் வேலை செய்தோர், வந்த மின்சாரம் எத்தனை நிமிடம் நீடிக்கும் என்று அறியாமல் தறியின் அருகிலேயே காத்திருந்தனர். வீட்டுக்குச் சென்று உறங்கவும் இயலவில்லை. நின்று வேலை செய்யவும் இயலவில்லை. எத்தனை மணி நேரம் நிறுத்தினாலும் நிறுத்துங்கள், எப்போது என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று மக்கள் கேட்டதை அக்காலத்தைக் கடந்து வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மின்வெட்டைப் பற்றி எழுதுவது எங்கள் நோக்கம் அன்று. நோயும் சிகிச்சையும் கொண்டுவரும் துன்பங்களுக்கும் இதே இயல்பு உண்டு என்பதை எடுத்துரைக்கவே இதை நினைவூட்டினோம். ஊசி, அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், கீமோதெரபி, பரிசோதனை முடிவுக்கான காத்திருப்பு ஆகியவற்றில் எதையும் இனிமையானது என்று கூற இயலாது. ஆனால் அவை எப்போது வரும், எப்படி இருக்கும், எப்போது முடியும் என்பது தெரிந்திருந்தால், அதே துன்பம் உடலையும் மனத்தையும் வாட்டும் அளவு குறைகிறது. இதற்கு உறுதியான அறிவியல் சான்றுகள் உள்ளன. நோயாளியிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தவிக்கும் குடும்பத்தினர் இதை அறிந்திருப்பது மிகவும் பயன்தரும்.

உடல் எதற்காகக் காத்திருக்கிறது?

ஆபத்து வருகிறது என்று மூளை கருதும்போது உடலில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, நொடிப்பொழுதில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இரண்டாவது, சில நிமிடங்களில் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாக வெளியிடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது; தசைகள் உடனடிச் செயலுக்கு ஆயத்தமாகின்றன. ஓட வேண்டிய நேரத்தில் இவை அனைத்தும் நன்மையே.

ஆபத்து எப்போது வரும் என்று தெரியாதபோது இந்த ஆயத்தநிலை முடிவுக்கு வருவதில்லை. வாயிற்படியில் இரவு முழுவதும் கண்விழித்து நிற்கும் காவலாளியைப் போல, உடல் ஓய்வின்றி விழித்திருக்கிறது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் இது நீடித்தால் உறக்கம் கெடுகிறது, நீரிழிவு உள்ளோருக்குச் சர்க்கரை கட்டுப்பட மறுக்கிறது, உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு அழுத்தம் கூடுகிறது, பசி குறைகிறது, வலி மிகுதியாகத் தோன்றுகிறது. எனவே நிச்சயமின்மையைக் குறைப்பதை மனத்திற்குத் தரும் ஆறுதலாக மட்டும் கருத வேண்டா. சிகிச்சை நன்கு நடைபெற உடலுக்குத் தரும் உதவியும் அதுவே.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்னும் ஆய்வாளர் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகள் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்தன. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி, ஒரே நேரத்தில் தரப்பட்டது. ஒன்றுக்கு மட்டும் ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் முன்னர் ஓர் ஒலி கேட்டது. மற்றொன்றுக்கு ஒலிக்கும் அதிர்ச்சிக்கும் தொடர்பே இல்லை. உடல் ஏற்ற அதிர்ச்சி இரண்டுக்கும் சமம். ஆயினும் முன்னறிவிப்பு இல்லாத எலிகளின் இரைப்பையில் புண்கள் மிக அதிகமாக இருந்தன. முன்னறிவிப்பு பெற்ற எலிகளிடம் அவை குறைவாகவே காணப்பட்டன.

ஏன் இந்த வேறுபாடு? உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் 1968இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒலி கேட்ட பின்னரே அதிர்ச்சி வரும் என்றால், ஒலி கேட்காத நேரமெல்லாம் பாதுகாப்பான நேரம். அந்த நேரத்தில் விலங்கு உண்ணலாம், உறங்கலாம், அச்சமின்றி இருக்கலாம். முன்னறிவிப்பு இல்லாத விலங்குக்குப் பாதுகாப்பான நேரம் என்று ஒன்றே இல்லை. ஒவ்வொரு நொடியிலும் அடி விழலாம். இந்த விளக்கத்தின் உட்பொருளை நாங்கள் இவ்வாறு புரிந்துகொள்கிறோம்: முன்னறிவிப்பின் பெரும்பயன், துன்பம் வராத நேரத்தை நமக்குத் திருப்பித் தருவதே.

மனிதரிடம் நடந்த ஆய்வும் இதையே காட்டுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 45 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. கணினித் திரையில் தோன்றும் பாறையின் அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலி தரும் மின்னதிர்ச்சி கிடைக்கும். அவர்களின் வியர்வையும் கண்மணியின் விரிவும் அளக்கப்பட்டன. அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதி ஐயம் இருந்த நேரத்திலேயே மன அழுத்தம் உச்சத்தை எட்டியது. வலி உறுதி என்று அறிந்தவர், வலி வருமோ என்று ஐயுற்றவரைவிட அமைதியாக இருந்தார். பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்கள், முடிவு தெரிந்த பின் வரும் நாள்களைவிடக் கடினமாக இருந்தன என்று பலர் கூறுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

ஓசையைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோர் 1972இல் நூலாக வெளியிட்டது அது. ஒரு சாராருக்குப் பேரோசையைச் சீரான இடைவெளியிலும், மற்றொரு சாராருக்கு ஒழுங்கற்ற இடைவெளியிலும் ஒலிக்கச் செய்தனர். ஓசை ஒலித்தபோது இரு சாராரும் கொடுத்த வேலையை ஏறத்தாழ ஒரே அளவில் செய்தனர். ஓசை நின்ற பிறகே வேறுபாடு வெளிப்பட்டது: ஒழுங்கற்ற ஓசையைக் கேட்டவர்கள் கடினமான புதிர்களை விரைவில் கைவிட்டனர், பிழைதிருத்தும் வேலையில் அதிகம் தவறவிட்டனர். தறிச்சத்தத்தின் நடுவே பிறந்து வளர்ந்தோர் அச்சத்தத்திலேயே உறங்குவதையும், தறி திடீரென நின்றால் விழித்துக்கொள்வதையும் இப்பகுதியில் கேள்விப்படாதவர் இலர். பழகிய ஓசையும் செவியைக் கெடுக்கும் என்பது வேறு செய்தி. மனத்தை அது அலைக்கழிப்பதில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. நிச்சயமின்மையின் விலையை உடல் பிற்பாடு செலுத்துகிறது என்பதையும் இவ்வாய்வு உணர்த்துகிறது. மருத்துவமனையில் பத்து நாள் தைரியமாக நின்ற மனைவியோ மகனோ வீடு திரும்பிய பின் சோர்ந்து விழுவதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

மேட்டூரிலிருந்து வரும் செய்தி

பாதுகாப்பான நேரம் என்பதன் பொருளைக் காவிரிக் கரையில் வாழ்வோர் நன்கு அறிவர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது மேட்டூருக்கு நீர்வரத்து பெருகுகிறது. மேட்டூரும் நிரம்பினால், வரும் நீர் முழுவதையும் 16 கண் மதகு வழியாக வெளியேற்ற வேண்டியிருக்கும். அப்போது வருவாய்த்துறையினர் ஒலிபெருக்கியிலும் தண்டோராவிலும் கரையோர மக்களை எச்சரிக்கின்றனர். 2018, 2022, 2024ஆம் ஆண்டுகளில் குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தது. 2022 ஆகஸ்டில் ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் ஆற்றில் சென்றது. மக்கள் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டனர்.

எச்சரிக்கை வெள்ளத்தைத் தடுக்கவில்லை. வீட்டிற்குள் நீர் வந்தது உண்மை. ஆயினும் இரண்டு நன்மைகள் கிடைத்தன. குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், மருந்துப் பை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளம்ப நேரம் இருந்தது. இதை எல்லாரும் அறிவர். இரண்டாவது நன்மை கண்ணுக்குத் தெரிவதில்லை: எச்சரிக்கை வராத நூற்றுக்கணக்கான இரவுகளில் அதே தெருவில் மக்கள் நிம்மதியாக உறங்கினர். அறிவிப்பு இன்றி நீர் வரும் ஆறாக அது இருந்திருந்தால், மழைக்காலத்தில் ஒவ்வோர் இரவும் யாரேனும் ஒருவர் விழித்திருக்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எச்சரிக்கை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். வெள்ளம் வந்தும் தண்டோரா ஒலிக்காத ஒரே ஓர் இரவு போதும். அதன் பிறகு அமைதியான இரவிலும் உறக்கம் வராது. நோயாளியிடம் நாம் பேசும் சொற்களுக்கும் இந்த நிபந்தனை அப்படியே பொருந்தும்.

"ஒண்ணும் இல்ல சாமி, வலிக்காது"

தடுப்பூசி போட அழைத்துவரும் குழந்தையிடம் "கடைக்குப் போலாம் வா" என்று சொல்லிக் கிளப்பும் பெற்றோர் பலர். உள்ளே வந்த பின் "ஒண்ணும் இல்ல சாமி, வலிக்காது" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான், அழுகையையும் பிடிவாதத்தையும் சற்று நேரம் ஒத்திவைக்கிறது. ஆனால் ஊசி வலிக்கிறது. குழந்தை அன்று கற்றுக்கொள்ளும் பாடம் ஊசியைப் பற்றியது மட்டும் அன்று. கடைக்குப் போகலாம் என்ற சொல்லுக்குப் பின்னும் ஊசி இருக்கலாம். வலிக்காது என்று அம்மா சொன்னாலும் வலிக்கலாம். அதுவரை பாதுகாப்பின் அடையாளமாக இருந்த தாயின் சொல் இப்போது அந்த இடத்தை இழக்கிறது. அடுத்த முறை மருத்துவமனையின் வாயிலைக் கண்டதும் குழந்தை அலறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"இன்னிக்கு ஒரு ஊசி இருக்கு. கொஞ்சம் வலிக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். அப்புறம் வீட்டுக்குப் போயிரலாம்" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை அழலாம். ஆனால் நீங்கள் சொன்னபடியே அது முடிந்தால், ஊசி இல்லாத நாளில் "இன்னிக்கு ஊசி இல்ல" என்று நீங்கள் சொல்லும்போது குழந்தை அதை நம்பும். அந்த நம்பிக்கையே அதன் தண்டோரா ஒலிக்காத இரவு.

பெரியவர்களிடமும் இதே நிலைதான். தந்தைக்குப் புற்றுநோய் என்பதை மறைத்து, "வயித்துல புண்ணு, மருந்து ஏத்துனா சரியாயிரும்" என்று சொல்லிக் கீமோதெரபிக்கு அழைத்துவருகின்ற பிள்ளைகள் உண்டு. அப்பா தாங்க மாட்டார் என்னும் அச்சமே இதற்குக் காரணம். அந்த அன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அடுத்து நடப்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்குகிறது. வாந்தி வருகிறது. ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. புண்ணுக்கு மருந்து ஏற்றினால் முடி ஏன் கொட்டுகிறது என்று இரவில் தனியே எண்ணுகிறார். வீட்டில் இருவர் தாழ்ந்த குரலில் பேசினால் தன்னைப் பற்றியதோ என்று ஐயுறுகிறார். நோயின் துன்பத்தோடு, எந்த நேரத்தில் எது நடக்குமோ என்னும் காவலும் அவர்மேல் விழுகிறது. தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவரிடமிருந்து உண்மையை மறைக்கும்போது, அவருடைய அச்சத்தைப் போக்கவில்லை. அச்சம் இல்லாத நேரத்தை எடுத்துவிடுகிறோம்.

முன்னரே சொல்வதன் பயன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் லாரன்ஸ் எக்பர்ட் தலைமையில் நடந்த ஆய்வு 1964இல் வெளியானது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவிருந்த 97 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினரிடம், அறுவை சிகிச்சைக்குப் பின் எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை காலம் நீடிக்கும், அது இயல்பானதே என்று மயக்க மருந்து நிபுணர் முதல்நாள் இரவே விளக்கினார். தசையைத் தளர்த்துவது, ஆழ்ந்து மூச்சு விடுவது, படுக்கையில் புரள்வது எப்படி என்றும் கற்பித்தார். மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தது. விளக்கம் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநிவாரணி மருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் சராசரியாக 2.7 நாள்கள் முன்னதாக வீடு திரும்பினர். யார் எந்தப் பிரிவு என்பது அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடிவுசெய்த அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. கருவியோ புதிய மருந்தோ இன்றி, பேச்சினால் மட்டும் விளைந்த பயன் இது.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. முன்னரே கேள்விப்படாத வலியை நோயாளி ஆபத்தின் அறிகுறியாக எண்ணுவார். தையல் பிரிந்துவிட்டதோ, ஏதோ தவறிவிட்டதோ என்று அஞ்சுவார். முன்னரே கேள்விப்பட்டவர், சொன்னது நடக்கிறது என்று அமைதி கொள்வார். சொல்லப்பட்டதற்கு மாறாக ஒன்று தோன்றினால் உடனே செவிலியரை அழைக்கவும் அவருக்குத் தெரியும்.

எப்படிச் சொல்வது?

உண்மையைச் சொல்வது என்றால் அச்சமூட்டும் சொற்களைக் கொட்டுவது என்று பொருள் இல்லை. பிரசவத்தின்போது முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்ட 140 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. சிலரிடம், பெரிய தேனீ கொட்டுவது போல இருக்கும், இதுதான் மிக மோசமான பகுதி என்று கூறினர். மற்றவர்களிடம், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்து தருகிறோம், பிறகு வசதியாக இருப்பீர்கள் என்று கூறினர். ஊசி ஒன்றே, தேனீயைக் கேட்டவர்களே அதிக வலியை உணர்ந்தனர்.

எனவே எப்போது, எங்கே, எவ்வளவு நேரம், எதைப் போல உணரலாம், எப்போது முடியும் என்பவற்றை நேரான சொற்களில் கூறுவது நலம். எலும்பு முறிவுக் கட்டை அறுக்கும் கருவியின் ஓசையையும், அதிர்வையும் இளஞ்சூட்டையும் முன்னரே கேட்டறிந்த குழந்தைகள், எதுவும் அறியாத குழந்தைகளைவிடக் குறைவாகவே கலங்கினர் என்று 1975இல் வெளிவந்த ஜீன் ஜான்சன் குழுவினரின் ஆய்வு காட்டியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குச் செல்பவரிடம், "குறுகலான குழாய்க்குள் படுக்க வேண்டும், தட்டுவது போலப் பலத்த ஓசை கேட்கும், கையில் ஓர் அழைப்பு மணி தருவார்கள்" என்று சொல்லுங்கள். பயப்படாதீர்கள் என்பதைவிட அது மிகுதியாக உதவும்.

எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது?

எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. சிலர் எல்லா விவரத்தையும் அறிந்தால்தான் அமைதி அடைவர். வேறு சிலர், "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்" என்பர். சூசன் மில்லர், சார்லஸ் மாங்கன் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்களில், தம் இயல்புக்கு ஏற்ற அளவு தகவல் பெற்றவர்களே குறைந்த பதற்றம் அடைந்தனர். விரும்பாதவர்மேல் திணிக்கும் விவரமும் சுமையே. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்பதே. விடை நாளுக்கு நாள் மாறலாம்; மீண்டும் கேட்கலாம்.

காலமும் முக்கியம். மூன்று வயதுக் குழந்தைக்கு அடுத்த வாரத்து ஊசியை இன்றே சொன்னால் ஒரு வாரமும் அச்சத்தில் போகும். அன்று காலை சொல்வது போதும். பள்ளி செல்லும் பிள்ளைக்கு முந்தைய நாள் சொல்லலாம். நினைவு மங்கிய முதியவருக்கு, கட்டு மாற்றுவதற்குச் சற்று முன் சொல்லி, செய்யும்போதும் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே வருவது நன்று. அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாகும் பெரியவருக்கோ சில நாள்கள் தேவை. வயல், தறி, கடை ஆகியவற்றை யாரிடமேனும் ஒப்படைக்க வேண்டுமல்லவா?

அரிதிலும் அரிதான தீங்குகளை ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருப்பது முன்னறிவிப்பு ஆகாது. எப்போது வரும் என்று சொல்ல இயலாத, வராமலே போகக்கூடிய ஒன்றைப் பற்றிய ஓயாத பேச்சு, பாதுகாப்பான நேரத்தைத் தருவதற்கு மாறாக அதைப் பறிக்கிறது. கைப்பேசியில் இரவெல்லாம் நோயைப் பற்றிய காணொளிகளைப் பார்ப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நடைமுறையில் செய்யத்தக்கவை

*ஒரு நாள்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.* டயாலிசிஸ் நாள்கள், கீமோதெரபி நாள்கள், இரத்தப் பரிசோதனை நாள்கள் ஆகியவற்றை அதில் வட்டமிடுங்கள். வட்டமிடாத நாள்கள் எத்தனை என்பதையும் நோயாளிக்குக் காட்டுங்கள். அவை அவருடைய நாள்கள். திருமணத்திற்குச் செல்வதோ, கோயிலுக்குச் செல்வதோ, திண்ணையில் அமர்ந்திருப்பதோ அந்த நாள்களில் நிகழட்டும்.

*மருந்தின் போக்கைக் கேட்டறியுங்கள்.* பல கீமோதெரபி மருந்துகளில், வெள்ளணுக்கள் 7 முதல் 14 நாள்களுக்குள் மிகவும் குறைகின்றன. உங்கள் மருந்தில் களைப்பு எந்த நாள்களில் மிகும், எப்போது தணியும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அக்காலத்தில் காய்ச்சல் கண்டால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

*முடியும் நேரத்தைக் கேளுங்கள்.* "எவ்வளவு நேரம் ஆகும்?" என்பது தயங்க வேண்டிய கேள்வி அன்று. கட்டு மாற்றும்போது, பாதி முடிந்தது, இன்னும் சிறிது நேரந்தான் என்று சொல்லும்படி செவிலியரிடம் கேட்கலாம். நடுவில் நிறுத்தச் சொல்ல ஒரு கையசைவை முன்னரே பேசிக்கொள்வதும் உதவும்.

*படுக்கையை வலியற்ற இடமாக வைத்திருங்கள்.* குழந்தைகளுக்கு ஊசியையும் கட்டு மாற்றுவதையும் இயன்றவரை வேறோர் அறையில் செய்யும்படி கேளுங்கள். தன் கட்டிலுக்கு வருவோர் அனைவரும் வலி தர வருவோர் அல்லர் என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

*வெளியூரில் இருப்போருக்கு நேரம் குறியுங்கள்.* லாரியில் வடமாநிலம் சென்றிருக்கும் கணவருக்கும், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் தினமும் குறித்த நேரத்தில் அழைத்துச் செய்தி சொல்லுங்கள். அப்போது மற்ற நேரங்களில் கைப்பேசி ஒலித்தாலும் அவர்கள் நெஞ்சு பதறாது. அவசரச் செய்திக்கு வேறொருவர் எண்ணிலிருந்து அழைப்பது என்று முன்னரே பேசிவைக்கலாம்.

விடை தெரியாதபோது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தினருக்கு நாங்கள் தரக்கூடிய உறுதி சில வேளைகளில் மிகக் குறைவே. பிழைப்பாரா, எத்தனை நாள் ஆகும் என்னும் கேள்விகளுக்கு மருத்துவரிடமும் அந்த நேரத்தில் விடை இராது. அப்போதும் ஒன்றை முன்கூட்டி அறிய இயலும்: அடுத்த செய்தி எப்போது கிடைக்கும் என்பது. "மருத்துவர் அடுத்து எத்தனை மணிக்கு எங்களிடம் பேசுவார்?" என்று செவிலியரிடம் கேளுங்கள். அந்த நேரம் தெரிந்துவிட்டால், கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அவசரச் சிகிச்சை குறுக்கிட்டு நேரம் தள்ளிப்போனால், புதிய நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

இடைப்பட்ட நேரத்தில் ஒருவர் அங்கே இருக்க, மற்றவர் கீழே சென்று உண்டு வரலாம். இரண்டு மணி நேரம் உறங்கி வரலாம். உறங்கியவர்மேல் யாரும் குறை காண வேண்டா. அடுத்த செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும், கையெழுத்திட வேண்டிய முடிவுகளை எடுக்கவும் அந்த உறக்கம் தேவை.